மாப்பிள்ளைக் குதிரையும் ஒரு முழம் அரளியும்

போன தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஆம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு நிக்காஹ். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே பாதி நாள் எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்த பையன். அதனால் நானும் வீட்டுக்காரரும் ஷூ கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக் கல்யாணம் போலவே அலைந்துகொண்டிருந்தோம்.

சாயங்காலம் மாப்பிள்ளை குதிரையேறி மஹாலுக்குப் போவதாக ஏற்பாடு. மதியமே குதிரை வந்துவிட்டது. வெள்ளைக் குதிரை, பெயர் ராணி. கல்யாண வீட்டு வாசலை ஷாமியானா அடைத்துக்கொண்டதால் எங்கள் கேட்டில் கட்டினார்கள். குதிரைக்காரர் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பும்போது, “கொஞ்சம் பாத்துக்கம்மா, சாதுவான ஜென்மம்” என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

அதற்கு முன் குதிரையை நான் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. பயந்து பயந்து நெற்றியைத் தொட்டேன். கண்ணை மூடிக்கொண்டு தலையை என் தோளில் வைத்தது. அவ்வளவுதான், அந்தப் பாசத்தில் விழுந்துவிட்டேன். ஒரு குறைதான் உறுத்தியது. ஜிகினாத் துணியெல்லாம் போட்டிருந்தார்கள், கழுத்தில் ஒரு பூ இல்லை. எங்கள் பிள்ளை ஏறப்போகிற குதிரைக்கு வெறுங்கழுத்தா என்று தோன்றிவிட்டது.

எங்கள் கேட்டுக்கு வெளியே செவ்வரளி பூத்துக் குலுங்கும். எங்கள் தெரு ஆடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சினிமா போஸ்டரையே விட்டுவைக்காத ஆடுகள். அவற்றுக்குப் பயந்துதான் செம்பருத்தியை மதிலுக்கு உள்ளேயும் அரளியை வெளியேயும் வைத்திருந்தேன். அம்மனுக்கு மாலை கட்டுகிற பூவாயிற்றே, குதிரைக்கு ஆகாதா? ஒரு கூடை பறித்தேன். பூ கட்டுகிற நூல் தீர்ந்துபோயிருந்ததால், வீட்டில் கிடந்த ஷூ தைக்கிற மஞ்சள் நூலாலேயே நெருக்கமாகக் கட்டினேன். ராணியின் கழுத்தில் போட்டபோது இரண்டு முனைகளும் முழங்கால் வரை தொங்கின. பிறகு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்று கத்தரியை மதில் மேல் வைத்துவிட்டு டீ போட உள்ளே போனேன்.

டீயோடு திரும்பி வந்தால் மாலையின் ஒரு பக்கம் குட்டையாக இருக்கிறது. முழுசாக ஒரு முழத்தைக் காணோம். ராணி எதையோ மென்றுகொண்டிருந்தது. வாயோரத்தில் சிவப்புச் சாறு.

பூ பிடித்திருக்கிறது போல என்று முதலில் சிரிப்புதான் வந்தது. அப்போது பக்கத்தில் ஒரு ஆடு, கீழே உதிர்ந்த அரளிப் பூக்களை ஒதுக்கி ஒதுக்கி, நடுவில் இருந்த புல்லை மட்டும் கடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. அரளி விதை விஷம் என்று இந்த ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கையில் பூவாக இருந்தபோது அது சாமிப் பூவாக மட்டும்தான் தெரிந்தது.

மாலையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்தினேன். கல்யாண வீடே ஓடி வந்தது. தொழுகை முடிந்து வந்த குதிரைக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ராணியின் வாயைத் திறந்து பார்த்தார். உள்ளே சிவப்பாக மசிந்து கிடந்தது. “எனக்கு இது ஒண்ணுதாம்மா” என்றார். கால்நடை மருத்துவருக்கு அவரே போன் போட்டார். அரளியில் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம், கொஞ்சம் உள்ளே போனாலும் இதயத்தைப் பிடிக்கும், குதிரையை நடக்கவிடாதீர்கள், உடனே வருகிறேன் என்றாராம் மருத்துவர்.

மாப்பிள்ளைப் பையன் பாதி உடுத்திய ஷெர்வானியோடு வந்து ராணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். நேரமாகிறது, காரில் போய்விடலாம் என்று யாரோ சொன்னார்கள். “ஊர்வலம் கெடக்குது. டாக்டர் வர்ற வரைக்கும் நா எங்கயும் வரல” என்றான். என்னைப் பார்த்து, “அழாதீங்க ஆன்ட்டி, ஒண்ணும் ஆவாது” என்றான். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை ஜாஸ்தியானது.

அந்த நேரம் பார்த்து தெருமுனையில் எங்கள் வண்டிச் சத்தம். மாப்பிள்ளையின் தாய்மாமாவை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவரப் போன என் வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். பின்னால் மாமா, மடியில் பெட்டி. முன்னால் ஹேண்டில்பாரில் காற்றில் ஆடிக்கொண்டு ஒரு முழம் செவ்வரளி. மஞ்சள் நூல்.

கூட்டம் அப்படியே நின்றது. இவர் வண்டியை நிறுத்தி, “இன்னா, எல்லாம் என்னையே பாக்கறீங்க?” என்றார்.

“இந்தப் பூ ஏது?” என்றேன்.

“வெள்ளிக்கிழமையாச்சே. காலைல வண்டிக்குப் பூ வெக்க மறந்துட்ட. குதிரைக்கு கால் வரைக்கும் தொங்குச்சி, கத்தரியும் அங்கயே இருந்துச்சி. ஒரு மொழம் வெட்டிக்கினேன்.”

குதிரைக்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எதற்கு என்று தெரியாமலே இவரும் கட்டிக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் என் பக்கம் திரும்பி, “ஷூ தைக்கிற நூல குதிர பல்லால கடிச்சி வெட்டுமா? பதினஞ்சு வருஷமா நீதான அதுல தைக்கற” என்றார். மாமாவுக்குக்கூடச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கும்பிடவும் தோன்றியது.

அப்படியானால் வாயில் இருந்த சிவப்பு? மதிலுக்கு உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆட்டிடமிருந்து நான் காப்பாற்றி வைத்திருந்த செம்பருத்தி, மேல் பாதி மொட்டையாக நின்றது. ஆட்டுக்கு எட்டாத உயரம் குதிரைக்கு எட்டும் என்பதை நான் எங்கே யோசித்தேன்.

மருத்துவர் வந்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, வாயைப் பார்த்து, கிடந்த மாலையையும் பந்தியிலிருந்து எண்ணெய்க் கத்தரிக்காய் வாசம் வந்த திசையையும் பார்த்தார். “செம்பருத்தி சாப்பிட்டா ஒண்ணும் ஆவாது. ரோஜாவும் பரவால்ல. அரளிய மட்டும் கண்ணுல காட்டாதீங்க” என்று சொல்லிவிட்டு, பிரியாணிக்கு உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் எங்கள் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். ஆளாளுக்கு வீட்டுக்குள் ஓடி செம்பருத்தியும் ரோஜாவும் கொண்டுவந்து கொட்டினார்கள். கல்யாண வீட்டுப் பெண்கள் மருதாணிக் கையோடு பூ எடுத்துக் கொடுக்க, நான் அதே மஞ்சள் நூலில் கட்டினேன். ராணி அந்த மாலையோடு பேண்டு சத்தத்துக்குத் தலையாட்டிக்கொண்டே கிளம்பியது. வழியெல்லாம் எட்டின பூவைக் கடித்துக்கொண்டே போனதில், மஹால் வாசலில் மாப்பிள்ளை இறங்கியபோது மாலையில் நூல்தான் அதிகமாக இருந்தது.

அடுத்த நாளே அரளியை வேரோடு எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது மூங்கில் தட்டி கட்டிய செம்பருத்தி நிற்கிறது. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு வரும்போதெல்லாம் குதிரைக்காரர் ராணியை எங்கள் கேட்டில் ஒரு நிமிஷம் நிறுத்துகிறார். நான் பூவை நீட்டுவதற்கு முன்னால், “இது குடுக்கலாமா?” என்று கேட்கிறேன். தெரிந்த பூதான், இருந்தாலும் கேட்கிறேன். ஆசையாகக் கொடுப்பது என் பங்கு, அது வாங்குகிறவர்களுக்கு ஆகுமா என்று கேட்பதும் அந்த ஆசையில்தான் சேர்த்தி என்று அந்த ஒரு முழம் அரளி எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.