ஜாகிர் உட்காராத சீட்

பம்மல் மெயின் ரோட்டில் ஜாகிரின் கடையைக் கண்டுபிடிக்க போர்டு தேவையில்லை. நடந்து வரும்போது எந்த இடத்தில் வயிற்றுக்குள் தும் என்று ஓர் அடி விழுகிறதோ, அங்கே நின்று இடப்பக்கம் திரும்பினால் போதும். காருக்கு ஸ்பீக்கர், ஆம்ப், டிக்கியில் வைக்கிற ஊஃபர் பெட்டி எல்லாம் மாட்டித் தருகிறவன். இருபத்திரண்டு வருஷமாக இதே தொழில். பக்கத்து ஜெராக்ஸ் கடை ஏஞ்சல் அவனைத் திட்டித் திட்டி ஓய்ந்துபோய், இப்போது பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் போடுகிறாள்.

திமிர் பிடித்தவன் என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும், வேலை தெரிந்தவனுக்குக் கொஞ்சம் திமிர் இருக்கத்தான் செய்யும். ஊஃபர் பெட்டியை வாங்கி டிக்கியில் போட்டுவிட்டால் பாட்டு வந்துவிடும் என்று நினைக்கிறவர்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. "பொட்டி இன்னா உருளக்கெழங்கு மூட்டையா, தூக்கிப் போட்டுகினு போறதுக்கு?" என்பான். அவன் முறையே வேறு. முதலில் டிக்கியைக் காலி செய்வான். பிறகு காரின் சொந்தக்காரரை ஸ்டீரிங் முன்னால் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்வான். பாட்டைப் போட்டுவிட்டு, டிக்கிக்குள் தலையை விட்டு, பெட்டியை விரல்கடை விரல்கடையாக நகர்த்துவான். பெட்டியின் முகம் சீட்டைப் பார்த்து இருந்தால் சத்தம் வறட்டுத்தனமாக இருக்கும். டிக்கிக் கதவைப் பார்த்துத் திருப்பி, நடுவில் ஒரு சாண் இடம் விட்டால், சத்தம் கதவில் மோதித் திரும்பி, முன் சீட்டுக்குப் போய்ச் சேரும்போது கனத்துப்போகும். அந்த இடம் வந்ததும் சொந்தக்காரர் கண்ணை மூடியபடியே சிரிப்பார். ஜாகிர் உடனே சாக்பீஸால் நாலு மூலையிலும் கோடு போடுவான். அதற்குப் பிறகு பெட்டி ஒரு நூல்கூட அசையக் கூடாது.

பின் சீட்டில் அவன் யாரையும் உட்காரவைத்துக் கேட்கச் சொன்னதில்லை. அவனும் உட்கார்ந்ததில்லை. "ஓட்றவன்தான் சார் கேக்கணும். பின்னால குந்திகினு வர்றவங்க ஊரப் பாத்துகினு வருவாங்க" என்பது அவன் சித்தாந்தம்.

அவனுடைய சொந்தக் கார் ஒரு பழைய வெள்ளி நிறக் குட்டிக் கார். வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுகிற கார் என்பதால், கடையிலேயே உசத்தியான சாமான்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. பின் சீட்டின் முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு இஞ்ச் ஊஃபர் இரண்டு, தலைமாட்டில் ஸ்பீக்கர் இரண்டு. வால்யூம் குமிழில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்திருந்தான். அதற்குக் கீழே குறைத்தால் பாட்டுக்கு மரியாதை இல்லையாம்.

மகள் கைனாத்துக்குச் சின்ன வயதில் காரின் பின்னால் உட்கார்ந்தால் குமட்டும். அதனால் முன் சீட் அவளுக்கு. மனைவி தபஸ்ஸும் பின்னால், பைகளோடு. ஆரம்பத்தில் "ஏங்க, கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்று சொல்லிப் பார்த்தாள். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டாள். முன்னால் அப்பனும் மகளும் ஏதாவது பேசிச் சிரித்துவிட்டு, அவன் கண்ணாடியில் பார்த்து "இன்னா சொல்ற?" என்பான். அவள் தலையாட்டுவாள். நம்ம வீட்டுக்காரி எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேசமாட்டாள் என்று நாலு பேரிடம் பெருமையாகக்கூடச் சொன்னான், மடையன்.

தபஸ்ஸும் லேப் டெக்னீஷியன் படித்தவள். சிட்லபாக்கத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஏரிக்கரை வீடுகளில் இருக்கிற ரிட்டயரானவர்களுக்குக் காலையில் வீட்டுக்கே போய் ரத்தம் எடுப்பாள். ஊசி போட்டதே தெரியாது, அவளையே அனுப்புங்கள் என்று அவர்கள் ஃபோன் செய்வார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால், கைனாத் ஆறாவது படிக்கும்போது, அவளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் வேலைக்கு ஆர்டர் வந்தது. திண்டிவனத்தில். பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும். அந்தக் காகிதத்தை அவள் ஒரு நாளில் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாள் என்பதை ஜாகிர் கவனித்தான். கவனித்தும் அவன் மனசு வேறு பக்கம் ஓடியது. தினமும் தாம்பரத்தில் ரயில் ஏறி அலைய வேண்டும், பிள்ளையை யார் பார்ப்பது, இப்போது நமக்கு என்ன குறைந்துபோயிற்று.

கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. "கார்லயே போய் சேந்துட்டு வந்துடலாங்க" என்றாள் அவள். "பாக்கலாம்" என்றான். முந்தைய நாள் பீர்க்கன்கரணையில் ஒரு கல்யாண விருந்து. திரும்பி வரும்போது பாட்டு வெள்ளைப் புள்ளியில் ஓடிக்கொண்டிருந்தது. பிரியாணி சாப்பிட்ட அசதியில் கைனாத் முன் சீட்டில் தூங்கிவிட்டாள். ஜிஎஸ்டி ரோட்டில் ஜாகிர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பேசினான். "தபு, அந்தத் திண்டிவனம் வேல நமக்கு வேணாம். புள்ள சின்னது. வுட்டுடலாம், இன்னா?"

கண்ணாடியில் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவன் எதிர்பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டில் ஒரு வேலைக்குப் போய்விட்டான். தபஸ்ஸும் கஞ்சி போட்ட புடவை கட்டி, சர்டிபிகேட் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதோ வந்துவிடுவார், ஏதோ அவசர வேலை என்று நினைத்தாள். ஒன்பது தடவை ஃபோன் செய்தாள். அவன் யாருடைய டிக்கிக்குள்ளேயோ தலையை விட்டுக்கொண்டிருந்தான், ஒன்றும் காதில் விழவில்லை. வீடு வந்து சேரும்போது மணி நாலரை.

"எங்கேங்க போனீங்க? இன்னிக்குத்தானே கடைசி நாள்?"

"அதான் வேணாம்னு பேசிட்டோமே. நீகூடத் தலையாட்டினியே."

"எப்ப?"

"நேத்து, கார்ல."

"பின்னால எனக்கு ஒண்ணுமே கேக்காதுங்க. நீங்க கண்ணாடியில பாத்தா நான் தலையாட்டுவேன், அவ்வளவுதான்."

இங்கேதான் மனுஷன் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். மறுநாளே இரண்டு பேருமாகப் போய், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லி, கெஞ்சிக் கூத்தாடித் தவணை வாங்கியிருக்கலாம். தபஸ்ஸும்கூட அவன் அதைச் சொல்வான் என்றுதான் காத்திருந்தாள். அவன் சிரித்தான். "என் வண்டில கேக்காத சீட்டே கெடையாது. ஊரே வந்து கேட்டுட்டுப் போவுது. இப்ப மனசு மாறிட்டு எதுக்குப் பொய் சொல்ற?"

அவள் எழுந்தாள். ஃபைலை பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். சண்டை போடவில்லை. அடுப்பைப் பற்றவைத்துச் சமைத்தாள். ஆனால் அந்தக் காரில் மட்டும் ஏறவில்லை. பல்லாவரத்துக்குத் துணி எடுக்கப் போனாலும் ஷேர் ஆட்டோதான். விசேஷ வீடுகளுக்கு அவனும் மகளும் காரில் போவார்கள், அவள் பஸ்ஸில் வந்து சேருவாள். யாராவது கேட்டால் "எனக்குக் கார் ஒத்துக்காது" என்பாள். வெறும் வீம்பு என்று ஜாகிர் நினைத்தான். எட்டு வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தான்.

போன ஆடி மாதம் ஒரு ஊஃபர் பெட்டி கை நழுவி அவன் வலது பாதத்தில் விழுந்தது. மூன்று விரல் எலும்பு முறிந்து, முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. கட்டைக் காட்ட குரோம்பேட்டைக்குப் போக வேண்டும், ஆட்டோவில் காலை நீட்ட முடியாது. கைனாத் டிப்ளமா முடித்து லைசென்ஸும் எடுத்திருந்தாள். அவள்தான் காரை ஓட்டினாள். ஜாகிர் பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தான். வேறு வழியில்லாமல் தபஸ்ஸும் முன் கதவைத் திறந்து, ஒரு நிமிஷம் நின்று, ஏறினாள்.

கைனாத் பாட்டை வெள்ளைப் புள்ளியிலேயே வைத்தாள். காலை உடைத்துக்கொண்ட அத்தாவுக்கு ஒரு சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

பம்மல் தாண்டுவதற்குள் ஜாகிருக்கு வேர்த்துவிட்டது. முதுகில் யாரோ கட்டையால் அடிப்பது போலிருந்தது. வரி இல்லை, ராகம் இல்லை, பாட்டு என்றே ஒன்று இல்லை. சாக்பீஸ் போட்டுப் போட்டு அவன் தேடிப் பிடித்த அந்த இனிமையெல்லாம் அவனுக்கு இரண்டடி முன்னால் எங்கோ நடந்துகொண்டிருந்தது. தாயும் மகளும் ஏதோ பேசினார்கள், சிரித்தார்கள். தாடை அசைவது தெரிந்தது, ஒரு வார்த்தைகூட வந்து சேரவில்லை. குறைக்கச் சொல்ல வாயெடுத்தான். என்னவென்று சொல்வது? என் காரில் எனக்கே காது கேட்கவில்லை என்றா? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பல்லாவரம் சிக்னலில் கைனாத் கண்ணாடியில் அவனைப் பார்த்து ஏதோ கேட்டாள். ஜாகிர் தலையாட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலில் பாட்டு நின்றதும் அவள் பின்னால் திரும்பி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "தேங்க்ஸ் அத்தா! நீங்க ஒத்துக்கவே மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"இன்னாத்துக்கு?"

"ஓசூர் வேலைக்குத்தான். அக்டோபர் ஒண்ணாந்தேதி ஜாயின் பண்ணணும், ஹாஸ்டல் அவங்களே தர்றாங்க. இப்பத்தானே கேட்டேன்? தலையாட்டினீங்களே."

"ஓசூரா? எனக்குக் கேக்கவே..."

தபஸ்ஸும் திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"கேக்கலேன்னா கேக்கலேன்னு சொல்லிடுங்க" என்றாள். "அவ நம்புவா."

ஜாகிர் மகளைப் பார்த்தான். "கேட்டுச்சும்மா" என்றான். "போய்ட்டு வா."

அதற்கப்புறம் ஆறு வாரம் கட்டுக்காலோடு படுத்திருந்தவனுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. தபஸ்ஸும் சம்மதித்தாள் என்று அவன் நினைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். வாடகை வீடு மாறியது, கைனாத்தைப் பள்ளிக்கூடம் மாற்றியது, பெருநாளைக்கு அவளுக்கு அந்தப் பச்சைப் புடவை எடுத்தது. எல்லாம் காரில் அவன் கேட்டு, அவள் தலையாட்டியவை. அவளுக்குப் பச்சை பிடிக்குமா என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அதைவிட, பொய் சொல்கிறாய் என்று சொன்னதுதான் அவனை அறுத்தது.

கட்டுப் பிரித்த அன்றே தன் காரின் டிக்கியைத் திறந்து பெட்டியை வெளியே எடுத்தான். அடியில் சாக்பீஸ் கோடு நாலு மூலையிலும் அப்படியே இருந்தது. ஈரத்துணியால் துடைத்தான். இப்போதெல்லாம் யாருடைய காராக இருந்தாலும், கோடு போடும் முன் பின் சீட்டில் ஒரு பாட்டு முழுக்க உட்கார்ந்துவிட்டுத்தான் இறங்குகிறான்.

ஒண்ணாந்தேதிக்கு முந்தைய நாள் காலை கைனாத்தை இரண்டு பேருமாகத் தாம்பரத்தில் பஸ் ஏற்றிவிட்டார்கள். திரும்பும்போது முன் சீட் காலியாகத்தான் இருந்தது. தபஸ்ஸும் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். முன்னால வா என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

கார் அமைதியாக ஓடியது. இண்டிகேட்டர் அடிப்பது கேட்டது, அவள் வளையல் நகர்வதுகூடக் கேட்டது. சானடோரியம் தாண்டியதும் ஜாகிர் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"தபு, அன்னிக்கு அந்தத் திண்டிவனம் வேலைக்குப் போவணும்னு ரொம்ப ஆசப்பட்டியா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடியில் அவனைப் பார்த்துத் தலையாட்டினாள். பாட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. இந்த முறை அவளுக்குக் கேட்டிருக்கிறது என்பதில் ஜாகிருக்குச் சந்தேகமே இல்லை.