கண்ணாடியைக் கீறிய கல்

அன்று ஆயிரம் அடி இறக்கியும் வெறும் புழுதிப் புகைதான் வந்தது. எங்கள் தென்னந்தோப்பில் அது மூன்றாவது போர்வெல். நீரோட்டம் பார்க்கிறவரின் உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் எழுந்து நின்ற இடம். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்துத்தான் துளை போடும் ரிக் வண்டியை நிறுத்தினோம். இதிலும் தண்ணீர் இல்லையென்றால் மரங்களை அறுத்துவிடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

வண்டி போன பிறகும் என் வீட்டுக்காரர் அந்தச் சாம்பல் புழுதிக் குவியலைக் கிளறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் நகமளவு பளபளக்கும் கல் ஒன்றோடு வீட்டுக்குள் வந்தார். நேராகப் போய் அலமாரிக் கண்ணாடியில் வைத்து இழுத்தார். கோடு விழுந்தது.

"கண்ணாடியவே கீறுது பாரு புள்ள! வைரந்தான்!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள் வீட்டிலேயே இந்தக் கூத்தா!

"நல்லாருக்குதுங்க உங்க நாயம்! காட்டுல கெடக்குற வெங்கச்சங்கல்லு, அந்தக் குவார்ட்ஸுங்கூடத்தான் கண்ணாடியக் கீறும்."

விடவில்லை நான். வைரம் உருவாவது நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் கீழே. அங்கே சூடும் அழுத்தமும் சேர்ந்து கரியை நசுக்கி வைரமாக்குகின்றன. அதில் பெரும்பாலானவை பூமியில் மனுசன் தோன்றுவதற்கு எத்தனையோ கோடி வருசம் முன்பே உண்டானவை. எங்கோ சில இடங்களில்தான் எரிமலைக் குழம்பு அதை வேகமாக மேலே கொண்டுவந்து போட்டது. மெதுவாக வந்திருந்தால் வழியிலேயே பென்சிலில் இருக்கும் கரியாகியிருக்கும். நம் ஆயிரம் அடியெல்லாம் பூமிக்குக் கொசு கடித்த மாதிரி. வகுப்பில் நடத்துவதுபோல மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

அவர் கல்லைக் கையில் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். எதிர்த்துப் பேசுவார் என்று நினைத்தேன்.

"அத்தன ஆழத்துல தண்ணி இருக்குமா புள்ள?"

அடக் கடவுளே, இந்த மனுசன் வைரத்தையா கேட்டார்!

"அதுக்கும் கீழ இருக்குதாமுங்க. ஆனாக் கல்லோட கல்லாக் கலந்து கெடக்குதாம். மரத்துக்கு ஊத்த ஒரு சொட்டுக் கெடைக்காதுங்க."

தலையை ஆட்டினார். கல்லை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். அப்புறம் மரம் அறுக்கிறவருக்கு அவரே போன் போட்டார். "காலையில வந்துருங்க," என்றார். "எல்லா மரமுந்தானுங்க."