எலுமிச்சை மணமும் ஒரு பட்டனும்

வலக்கையில் ஸ்பேனர், இடக்கையில் டார்ச். டிங்கிப் படகு இன்ஜினைப் பிரிக்கும்போதும் மத்தியாஸ் அந்த டார்ச்சைக் கீழே வைப்பதில்லை. பட்டப்பகலில் இது எதற்கு என்று கேட்டால், "பழகுதேன்" என்பார். அந்தமானின் ஜங்லிகாட் மொத்தமும் கேலி செய்து ஓய்ந்துவிட்டது.

அவருக்கு வலிப்பு. பெரிதாக வருவது எப்போதாவதுதான். அதன் முன்னறிவிப்பு மட்டும் தினமும் வந்து போகும். முதலில் டீசல் வாடை, அதன்மேல் எலுமிச்சை. கல்யாணமான புதிதில் மனைவி செலினைக் கப்பலில் அழைத்துவந்தபோது, அடித்தட்டு பங்க் கிளாஸில் குமட்டலுக்குப் புதுப்பெண் முகர்ந்துகொண்டே வந்த பழம். செலின் இப்போது இல்லை. "சீக்குன்னு சொல்லாதீங்க. அது செலினுக்க மணமாக்கும்" என்பார். அப்போது அவர் முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை வந்துவிடும்.

போன மழைக்காலத்தில் வலிப்பு வந்து டிங்கியிலிருந்து கடலில் விழுந்தார். மகள் சோனியா பயந்துபோய் மெயின்லேண்டுக்கு அழைத்துப் போனாள். வலிப்பு கிளம்பும் இடம் தெரிந்தால் ஆபரேஷன் செய்யலாம். ஸ்கேனுக்குள் படுக்கவைத்து, மணம் வந்ததும் அமுக்கச் சொல்லி ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். மூளையில் பொறி கிளம்பிச் சில விநாடி கழித்துத்தான் அந்த இடத்தில் ரத்தம் கூடும். அதைக் கணக்காக வைத்துத்தான் இடத்தைப் பிடிப்பார்கள். இவருக்கோ பட்டன் அமுங்குவதற்கு முன்பே ரத்தம் கூடியிருந்தது. டாக்டர் ரூபா கணக்கை மாற்றி மாற்றிப் போட்டும் இடம் பிடிபடவில்லை.

திரும்பி வரும் கப்பலில்தான் சோனியா விஷயத்தைக் கறந்தாள்.

"வந்ததும் அமுக்கலியாப்பா?"

"வந்ததும் எப்பிடி பிள்ளே அமுக்க? கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவட்டும்னு விட்டேன். போன பொறவு அமுக்கினேன். பஸ், அவ்வளவுதான்."

மணத்தை வழியனுப்பிவிட்டுத்தான் ஒருவர் பட்டனைத் தொடுவார் என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? டாக்டர் பாவம்.

சோனியா சிரிக்கவில்லை. "அடுத்த தடவ தண்ணில விழுந்தா எனக்கு யாருப்பா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த மாதம் மறுபடி ஸ்கேன். ஆபரேஷன் நடந்தால் மணமும் போய்விடும் என்று டாக்டர் போனில் மறைக்காமல் சொல்லிவிட்டார். அன்று வாங்கியதுதான் இந்த டார்ச். மணம் வந்ததும் சுவிட்சை அமுக்கிப் பழக வேண்டும். இதுவரை எல்லா நாளும் தாமதம்தான் என்று, பட்டறைக்கு அடிக்கடி போகும் என்னிடம் சோனியா புகார் சொன்னாள்.

நேற்று நான் பட்டறையில் இருந்தபோது ஸ்பேனர் நின்றது. மத்தியாஸின் கண்கள் பாதி மூடின. சோனியா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

டார்ச் உடனே எரிந்தது. மணத்தோடு இழுத்த மூச்சை மட்டும் அவர் வெளியே விடவில்லை.