சோப்புக்குச் சிவக்காத நகம்

எங்கள் அழகு நிலையத்தில் அவளை எல்லோரும் நகக்காரி என்றுதான் கூப்பிடுவோம். ஒட்டு நகம் வைப்பதில் கெட்டிக்காரி. வாயும் கொஞ்சம் நீளம். பக்கத்து நாற்காலியில் முடி வெட்டுகிற எனக்குப் பன்னிரண்டு வருஷத்தில் காது புளித்துப்போயிற்று.

ஒட்டு நகத்தில் மஞ்சள் கறையோடு வருகிறவர்கள்தான் அவளுக்குப் பாதிப் பிழைப்பு. முதலில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுவாள். சமையல் மஞ்சள் என்றால் உடனே சிவக்கும். பிறகு மேல்பூச்சை லேசாக அரம் போட்டு எடுத்துவிட்டு, நகப்பூச்சு காயவைக்கிற விளக்குப் பெட்டிக்குள் கையை வைக்கச் சொல்வாள். அந்த வெளிச்சத்தில் மிச்சக் கறையும் வெளுத்துவிடும்.

அவளுடைய அக்கா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைத்தாள். நாற்பத்தேழு வயதில் அவளுக்கு நீள நகத்தின் மேல் ஆசை வந்தது. அடி நகம் தெரிகிற மாதிரி நிறமில்லாத நகமாகத் தங்கையே ஒட்டிவிட்டாள். திங்கட்கிழமைதோறும் மஞ்சள் விரல்களோடு வந்து உட்காருவாள். கரண்டி பிடிக்கிற கைக்கு இதெல்லாம் கேட்குதா, உறை போட்டுக்கொண்டு சமை என்று திட்டிக்கொண்டே தங்கை துடைப்பாள்.

ஒரு திங்கட்கிழமை நகம் சோப்புக்குச் சிவக்கவில்லை. விளக்கிலும் வெளுக்கவில்லை. பழைய கறை, ஊறிப்போய்விட்டது என்று தங்கை இன்னும் அழுத்தி அரம் போட்டாள். அசதியாக இருக்கிறது, சோறு இறங்கவில்லை என்று அக்கா சொன்னாள். லீவு போடு என்றதோடு சரி. மூன்று வாரம் இதே கதை. குனிந்த தலை நிமிராமல் செய்கிற வேலை அது. இரண்டடி தள்ளி நின்ற எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்க என்ன கேடு? எங்கள் கடை விளக்கில் எல்லோருமே மஞ்சளாகத்தான் தெரிவோம் என்று இன்றைக்கும் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாலாவது வாரம் அக்கா அடுப்படியிலேயே மயங்கி விழுந்தாள். கல்லீரல் கெட்டுவிட்டது, மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் தங்கையின் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவிக்கு ஒட்டு நகம் இடைஞ்சல், எடுத்துவிடுங்கள் என்றாள் நர்ஸ். கடையிலிருந்து நான் சாமான்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நகக்காரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நகம் கழற்றுகிற மருந்தில் நனைத்த பஞ்சைச் சுற்றி, ஊறவைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அடியிலிருந்த சொந்த நகம்தான் மஞ்சள்.

அக்கா கண்ணைத் திறந்து விரல்களைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டியாடி?"

"கறை போகலக்கா."

"உன்மேல தப்பில்ல. நான்தான் சொன்ன பேச்சக் கேக்கல. இனிமே கையில உறை போட்டுக்கிட்டே சமைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் புதுசா ஒட்டிவிடு, என்ன?"

தங்கை சரி என்று தலையாட்டினாள். வியாழக்கிழமை அக்கா போய்விட்டாள்.