மார்த்தாளும் மரியாளும் சேராத மூன்று வாரம்

யாராவது குரலை உயர்த்தினால் அருமைநாயகம் கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியை இழுத்து முதலில் இடது சில்லு, பிறகு வலது. இரண்டிலும் வாயால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்ப மாட்டுவதற்குள் எதிராளியின் கோபம் பாதி வடிந்திருக்கும். "ரெண்டு பக்கமும் கேக்கணும் இல்லியா" என்பார். திருவனந்தபுரம் கழக்கூட்டத்து மென்பொருள் கம்பெனி ஒன்றின் எச்.ஆர். பிரிவில் பதினெட்டு வருடமாக அவரைக் காப்பாற்றி வருவது இந்தத் துடைப்புதான். வேலை போனவர்கள்கூடக் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

பூனைகள் கைகுலுக்கவில்லை.

மார்த்தாள், மரியாள். ஒரே ஈற்றுக் குட்டிகள், ஐந்து வருடம் ஒரே மெத்தையில் உறங்கியவை. மார்த்தாளுக்குப் பல் பிடுங்கி ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த மத்தியானம், கூடையைத் திறந்ததும் மரியாள் பாய்ந்து அதன் காதைக் கிழித்தது. அதன்பின் பிளாட்டில் எந்நேரமும் சீறல், சோபாவுக்கடியில் மூத்திரம்.

மூன்றாம் நாள் மனைவி சுசீலாபாய் தீர்ப்புச் சொன்னாள். "கேட்டியளா, ஈஸ்டருக்குக் கல்லாறு போறோம். அதுக்குள்ள ரெண்டும் சேரலேன்னா மார்த்தாளைத் தம்பிகிட்ட விட்டிருவேன். செல்வின் சரின்னுட்டான்."

செல்வினுக்குக் கல்லாற்றங்கரையில் சாயாக்கடை. சுற்றிலும் டூரிஸ்ட் வண்டிகள், நாய்கள். வீட்டில் அருமைநாயகத்தின் பேச்சைக் கடைசிவரை கேட்கும் ஒரே ஜீவன் மார்த்தாள்.

எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டார். ஆளுக்கொன்றில் பூனைகளை உட்காரவைத்து நடுவில் தான் உட்கார்ந்தார். "மரியா, நீ மொதல்ல சொல்லு."

மரியாள் சொன்னது அவர் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீண்டது.

"ஒரே நாள்ல நாப்பது பேரை வேலையிலேருந்து பறஞ்சு விட்ட ஆளு," என்றாள் சுசீலாபாய், மருந்து தடவிக்கொண்டே. "பாவம், அவங்களுக்கு நகமில்லாமப் போச்சு."

மிருக டாக்டர் ரெம்யாவுக்கு போன் போட்டார்.

"சாரே, ரெண்டையும் முகத்தோடு முகம் இருத்தாதீங்க. மார்த்தாள் மேல ஆஸ்பத்திரி வாசனையாக்கும். மற்றதுக்கு ஆளைத் தெரியலை. வேற வேற ரூம்ல வைங்க. ஒண்ணு படுத்த துணியை மற்றதுக்கு மாத்திப் போடுங்க. கதவுக்கு ரெண்டு பக்கமும் தீனி. மெல்ல மெல்லக் கதவைத் திறந்தா மதி, அது போதும்."

"நான் அதுங்ககிட்ட என்ன பேசணும் டாக்டர்?"

"ஒண்ணும் பேசண்டா சாரே."

இந்தக் கடைசி மருந்துதான் கசந்தது. படுக்கையறைக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு நெத்திலி, அந்தப் பக்கம் ஒரு தட்டு. நடுவில் வாயை மூடிக்கொண்டு அருமைநாயகம். முதல் வாரம் கதவு மூடியே இருந்தது. அடுத்த வாரம் ஒரு விரல் இடைவெளி, பிறகு ஒரு சாண். லேப்டாப்பில் அட்டவணை போட்டு, 'சீறல்: குறைகிறது. ஒத்துழைப்பு: திருப்தி' என்று நிரப்பினார். மரியாளுக்கு மூன்று நட்சத்திரம்தான் கொடுத்தார்; காயம் இன்னும் ஆறவில்லை.

பெரிய வெள்ளியன்று கதவை முழுசாகத் திறந்தார்கள். மரியாள் வந்து மார்த்தாளின் காதை மோந்து பார்த்து, ஒரு தும்மல் போட்டுவிட்டு, அதன் தட்டிலேயே வாய்வைத்தது. மறுநாள் இரண்டும் பழைய மெத்தையில் கிடந்தன, ஒரு முழம் தள்ளி.

ஈஸ்டருக்குக் கல்லாறு போனபோது அருமைநாயகத்தின் கையில் கூடை இல்லை. சாயாவை வாங்கிக்கொண்டு மைத்துனனிடம் முறைப்படி பேசினார். "மார்த்தாளை வச்சுக்கிடச் சம்மதிச்சியாமே. பெரிய மனசு, செல்வின். இப்போ அதுக்கு அவசியமில்லை."

"எந்த மார்த்தாள், அத்தான்?"

"எங்க பூனை."

"பூனையா?" செல்வின் ஆற்றிக்கொண்டிருந்த சாயாவை நிறுத்தினான். "பூனை ரோமம் பட்டா எனக்கு மூச்சு முட்டும். சின்னதுல என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனதே அக்காதானே."