தகரக் கூரைக்கு யார் பொறுப்பு

கல்யாணமாகிப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தபோது எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. தறியும் அதில்தான், அடுப்பும் அதில்தான். சித்திரையில் பத்து மணிக்கெல்லாம் தகரம் காய்ந்துவிடும். அந்த அனலில் பட்டு இழை முறுகி, தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு படபடவென்று அறும். என் கணவர் நெய்த நேரத்தைவிட அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்ட நேரம்தான் அதிகம்.

மூங்கில் தட்டியில் களிமண் பூசி, கூரைக்கு அடியில் கட்டினால் சூடு இறங்காது. எங்கள் ஊர் தாமலில் மாட்டுக் கொட்டகைக்கே அப்படிச் செய்வோம். வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டேன். வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். மறுநாளே ஒரு பத்திரத்தோடு வந்துவிட்டார்.

"இதுல ஒரு கையெழுத்து போட்டுட்டு இன்னா வேணுமோ கட்டிக்கம்மா."

என் கணவர் பேனாவை வாங்கிவிட்டார். நான் பத்திரத்தை வாங்கினேன். எட்டாவது வரை படித்தவள். கூரை விழுந்தாலும், சுவர் சரிந்தாலும், அக்கம்பக்கத்தில் யாருக்கு அடிபட்டாலும் குடியிருப்பவரே பொறுப்பு, சொந்தக்காரருக்குச் சம்பந்தமில்லை என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தது.

"தட்டி நாங்க கட்டுறது, அதுக்கு நாங்க பொறுப்பு. கூரையும் சுவரும் உங்களுது. அதுக்கு நாங்க எப்படி?"

"எல்லாக் குடித்தனக்காரங்களும் போட்டுக்கினுதாம்மா இருக்காங்க."

"அவங்களுக்கு யாரும் படிச்சுக் காட்டல போல. எனக்குப் படிச்சுக் காட்டுங்க. உக்காருங்க."

மணை போட்டேன். உச்சி வெயில் நேரம். முதல் பக்கம் முடிவதற்குள் அவர் நெற்றியிலிருந்து வியர்வை காகிதத்தில் சொட்டியது. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். "இன்னும் ஒரு பக்கம் இருக்குது, படிங்க" என்றேன். என் கணவர் கண்ணால் ஜாடை காட்டினார். நான் பார்க்காததுபோல் நின்றேன்.

"காலி பண்ணுங்க!" என்று சொந்தக்காரர் கத்தினார்.

"பாவு ஏறின தறி. சேலை முடியாம யாரும் இங்கேருந்து எழுந்திருக்க மாட்டோம்."

"இன்னாதான்மா வேணும் உனக்கு?"

"தட்டி எங்க பொறுப்பு, கூரையும் சுவரும் உங்க பொறுப்புன்னு எழுதுங்க. நானே மொதல்ல கையெழுத்து போடுறேன்."

நியாயத்துக்காக எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. அந்த அனலிலிருந்து தப்பித்தால் போதும் என்றுதான் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். தட்டி கட்டினோம். பாவு அறுவது நின்றது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் அடித்த காற்றில் எங்கள் கூரையின் ஓரத்துத் தகரம் பிய்ந்து தெருவில் விழுந்தது. சைக்கிளில் போன சாயக்காரர் ஒருவரின் தோளைக் கிழித்துவிட்டது. அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினால், சொந்தக்காரர் தெருவைக் கூட்டி வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"இவ தட்டி கட்டினதாலதான் தகரம் ஆட்டம் கண்டுச்சு!"

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் முன்னே வந்தார். அதுவரை அவர் யாரையும் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. விழுந்த தகரத்தைத் தூக்கி நிறுத்தி, அதில் தொங்கிய துருப்பிடித்த கம்பியைக் கையால் ஒடித்துக் காட்டினார். அது பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"இது நீங்க கட்டின கம்பி. எங்க கட்டு உள்ள இருக்குது, ஒரு முடிச்சு அவிழல. வந்து பாருங்க."

நான் உள்ளே போய் அந்தத் தாளை எடுத்துவந்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். சொந்தக்காரர் கையெழுத்தை உற்றுப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். சாயக்காரருக்குத் தோள் ஆறும்வரை வைத்தியம் அவர் பொறுப்பில்தான் நடந்தது.

அடுத்த வாரமே தன்னுடைய வீடுகள் எல்லாவற்றிலும் கம்பியை எடுத்துவிட்டுக் கொக்கி போல்ட் போட்டார். என்னோடு மட்டும் பேச்சை நிறுத்திவிட்டார். ஏதாவது சொல்ல வந்தால், என் கணவர் வெளியே வரும்வரை வாசலிலேயே நிற்பார். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.