என் பெயரில் ஓடிய பாட்டு

புயல் அடித்துக் கடலூரில் பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் கிடந்தோமே, அதைப் பற்றி ஒரு ராப் பாட்டு உண்டு. வந்து பல வருடம் ஆகிவிட்டது. இன்றும் கல்லூரி விழாவில் அதைப் போட்டால் பிள்ளைகள் மேடைக்கு முன்னால் ஓடிவந்து குதிக்கிறார்கள். அது ஏன் இப்படி ஓடியது என்று இணையத்தில் சண்டையே நடக்கிறது. பாடியவனின் குரல் என்கிறார்கள் சிலர், தாளம் என்கிறார்கள் சிலர். பாட்டின் கீழே 'வரிகள்' என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. நான் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியன். அந்த வரிகளை நான் எழுதவில்லை.

அவை என் மனைவியின் தம்பியுடையவை. கடலூரில் மைக்செட் கடை வைத்திருந்தான். ஆட்டோவில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, ஜவுளிக்கடைத் திறப்பு, கோயில் திருவிழா, சாவுச் செய்தி என எதுவானாலும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போவான். பெரிய இடத்து அறிவிப்புகளை எழுதித்தரச் சொல்லி என்னிடம் வருவான். நான் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பான்.

"மாமா, இத படிச்சேன்னா வண்டி சிதம்பரம் போயிடும், உன் வாக்கியம் கடலூர்லயே நின்னுகினு இருக்கும்."

அவன் தொழிலில் ஒரு கணக்கு இருந்தது. வண்டி நிற்காது, கேட்கிறவன்தான் நின்றுகொண்டிருப்பான். அவனைத் தாண்டுவதற்குள் விஷயம் காதில் விழ வேண்டும். அதனால் எதையும் மூன்று வார்த்தைக்குள் வெட்டுவான். முக்கியமான சொல்லைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவான். தெருவில் எந்த இடத்தில் நின்றவனுக்கும் அந்தச் சொல் கிடைத்துவிடும்.

புயலுக்குப் பிறகு, சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்த ராப் பாடுகிற என் மாணவன் ஒருவன் பாட்டு எழுதித்தரும்படி கேட்டான். 'ஒளியிழந்த நகரத்தின் மீது இருள் தன் கரிய போர்வையை விரித்திருக்கிறது' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். அந்தத் தாளோடு மச்சான் கடைக்குப் போனேன். பேட்டரியில் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தவன் அதைப் பிடுங்கி, தன் பாணியில் வாசித்தான்.

"கரண்டு வரல. கம்பம் கீழ. கடலு மேல. கரண்டு வரல. கூர எங்க? கொளத்துல பாரு. கரண்டு வரல."

தெருவில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு பெண் "வரல, வரல" என்று கூடவே சொன்னாள். அவன் விடாமல் முழுப் பக்கத்தையும் அப்படியே வெட்டிப் போட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சொன்னதை எழுதிக்கொண்டேன். மாணவனிடம் போனது என் கையெழுத்து. அவன் என் பெயரைப் போட்டான். நான் திருத்தவில்லை. ஒரு ராப் பாட்டுதானே, நாலு நாள் ஓடும் என்று அப்போது எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஓடிய பிறகு திருத்த மனம் வரவில்லை.

போன வருடம் சிதம்பரத்தில் அந்தப் பாட்டுக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். அதற்குள் மச்சானுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. காற்றுதான் வரும், குரல் வராது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் எங்களோடு பஸ் ஏறினான். புவனகிரியில் பஸ் நின்றபோது என் காதுக்குப் பக்கத்தில் வந்தான்.

"மாமா, ஊருல இருக்கறவன் பேர பூரா நான் மைக்ல சொல்லிட்டேன். என் பேர இன்னிக்கி ஒரு வாட்டி சொல்லிடு."

"சொல்லாம இருப்பனா?" என்றேன்.

மேடையில் மாணவன், இப்போது சென்னையில் பெரிய ஆள், என் கையில் மைக்கைக் கொடுத்தான். "சார், இந்தப் பாட்ட எப்படி எழுதினீங்க?"

மூன்றாவது வரிசையில் மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தான். பக்கத்தில் என் மனைவி. நான் சொன்னேன்: "தெருவில் போகிற ஆட்டோ அறிவிப்பைக் கவனித்தேன். கேட்பவனைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும். எனவே மூன்று வார்த்தைக்குள் வெட்டினேன்." வரிகளை மட்டுமல்ல, அவன் தொழிலின் கணக்கையும் என்னுடையதாக்கிக்கொண்டேன். அரங்கம் கைதட்டியது. அவனும் தட்டினான். திரும்பும் வழியில் என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். அவன் மட்டும் இறங்கும்போது, "நல்லா பேசின மாமா," என்றான். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதத்தில் போய்விட்டான். ஆட்டோ அறிவிப்பை எழுதித்தரச் சொல்லி அவன் மனைவி என்னிடம்தான் ஆள் அனுப்பினாள். ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று அழுதுகொண்டே எழுதினேன். எவனோ அதைப் பதிவு செய்து ஓடவிட்டான். தெருமுனையில் நின்று கேட்டேன். "...நம் நகரில் நெடுங்காலம் வசித்து வந்தவரும், தனது கணீர்க் குரலால் மக்களின் அன்பைப் பெற்றவரும், காலஞ்சென்ற..." வண்டி திரும்பிவிட்டது. பெயர் கடைசியில் இருந்தது.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "யாரு சார் செத்தது?"

பெயரைச் சொன்னேன்.

"அது யாரு?"

கருமாதி அன்று அவன் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பத்திரிகையில் எழுதுகிறேன், பெயரைப் போடுகிறேன் என்றேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"அவுரு சொல்லியிருக்காருண்ணே. கையில மைக்கு இருந்தப்ப வாயில வராத பேரு, இப்ப என்னாத்துக்கு? எழுதறதுன்னா உங்களப் பத்தி எழுதுங்க. அவுரு பேர போடாதீங்க."

பந்திப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"எல போட்டாச்சி. வந்து உக்காருங்க," என்றாள்.

போய் உட்கார்ந்தேன்.